நசரத்பேட்டையில் போட்ட இரண்டு முடிச்சு

தம்பியின் கல்யாணத்தில் இரண்டு முடிச்சுப் போடுவதற்காகக் கடல் தாண்டி வந்தவள் நான். தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும் மீதி இரண்டையும் நாத்தனார் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தம்பி குமரேசனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். அம்மாவுக்கு மூச்சிழுப்பு நோய்; அவளை விட்டுவிட்டு வர அப்பாவுக்கு மனசில்லை. என் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர். இரண்டு பிள்ளைகளையும் அவரிடம் தள்ளிவிட்டு மலேசியாவிலிருந்து நான் மட்டும் கிளம்பினேன். கப்பலில் எத்தனை நாள், எத்தனை முறை வாந்தி என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். இதைப் படிக்கிறவர்களுக்குச் சாப்பாட்டு நேரமாக இருக்கலாம்.

ஆனால் கப்பலில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வேளையும் வலது கையால் சாப்பிட்டுப் பழகினேன். எனக்குப் பிறந்ததிலிருந்தே இடது கைப் பழக்கம். சின்ன வயதில் அம்மா அந்தக் கையை ஒரு துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் சோறு வைப்பாள். அவிழ்த்துவிட்டதும் கை தானாகத் தட்டுக்குப் போய்விடும். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கண்டுகொள்வதில்லை. அங்கே ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தி பட்டு வருகிறவனுக்குக் கட்டு அவிழாமல் இருந்தால் போதும், எந்தக் கை கட்டியது என்று அவன் கேட்கமாட்டான். வெளியூர்க் கல்யாணம் என்றால்தான் எனக்குத் தலைவலி வரும். பந்தியில் உட்காராமல் தப்பிக்க நான் சொன்ன தலைவலிகளுக்கெல்லாம் மாத்திரை வாங்கியிருந்தால் ஒரு மருந்துக் கடையே காலியாகியிருக்கும்.

"பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி அந்தக் கைய எடுத்துடாத, தனம். ஏழு நாள்தான, பல்லக் கடிச்சிக்க," என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். முப்பத்தோரு வயதில், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

முதல் நாள் ஆவடியில் பல்லைக் கடிக்க மறந்துவிட்டேன்.

குமரேசனுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. குடியிருக்க அவர்களே கொடுத்த குவார்ட்டர்ஸ். அந்த குவார்ட்டர்ஸைப் பார்த்ததும் எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஒரே மாதிரி சுவர், ஒரே மாதிரி ஜன்னல், வாசலில் ஒரே அளவு சிமெண்டுப் படி. சங்கு ஊதியதும் ஒரே மாதிரி காக்கிச் சட்டையில் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் ஒரே பக்கமாகப் போயின. இந்தக் கூட்டத்தில் யார் யாரைத் தனியாகக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நேராக வந்து, சமையலறையில் குடத்தை இறக்கி, நிமிர்ந்து பார்த்தேன். முன்னே பின்னே தெரியாத ஒரு அம்மாள் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார்.

"யாரு தாயி நீங்க?" என்றார், கரண்டியைக் கீழே வைக்காமல்.

மதுரைக்காரர். நான் வீடு மாறி வந்துவிட்டேன் என்று தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அப்படி வருவார்களாம். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். நானும் சிரித்த சிரிப்பில் கையை நீட்டி வாங்கிவிட்டேன்.

"ஆத்தீ, நொட்டாங்கையா!" என்றார்.

அவ்வளவுதான். சாயந்திரம் அடுத்த வரிசையிலிருந்து திருச்சிக்கார அம்மாள் ஒருவர் வந்து, "மாப்பிள்ளைக்கு அக்கா ஒரட்டாங்கையாமே?" என்று விசாரித்தார். விளக்கு வைப்பதற்குள் உள்ளூர்க்காரப் பால்காரர், "பீச்சாங்கையாமே?" என்று வந்து நின்றார். தமிழ்நாட்டின் நாலா பக்கத்து ஜனங்களும் ஒரே இடத்தில் குடியிருப்பதில் உள்ள சௌகரியம் இது. இடது கைக்கு இத்தனை பெயர் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரியம்மா காதுக்கும் போயிற்று. பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. பன்னிரண்டு வயதில் படிப்புக்காகக் குமரேசனைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினோம். அவர்தான் வளர்த்து ஆளாக்கினார். கல்யாணத்துக்காகத் தன் மகள் சரோஜாவோடு முன்னாடியே வந்து குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார். கத்திப் பேசுகிற ஆள் இல்லை. தலையைத் தடவிக்கொடுத்தே காரியத்தைச் சாதிக்கிறவர், அதனால் தப்பிக்கவே முடியாது.

"கண்ணு, நீ செய்யறது தப்புன்னு நான் சொல்லல. பொண்ணு வீட்டு ஜனம் மொத நாளே ஒரு பேர் வெச்சிட்டா அது நம்ம புள்ள தலையிலதான் விடியும். சோத்துக்கையால முடிச்சுப் போட்டுப் பழகிக்க. வரலேன்னா நம்ம சரோஜா போடட்டும். அவளும் அவனுக்கு அக்காதானே?"

"சரி பெரியம்மா," என்றேன். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் முழுக்க ஜன்னல் கம்பிதான் எனக்கு மணப்பெண். மஞ்சள் தடவிய நூலைக் கம்பியில் சுற்றி, வலது கையை முன்னே விட்டு முடிச்சுப் போட்டேன். நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் எனக்கு மறக்கவில்லை: ஒரே பக்கமாக இரண்டு தடவை போட்டால் முடிச்சு நழுவும், ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது எதிர்ப்பக்கம் என்று போட்டால் கவ்விக்கொள்ளும். பாடம் தெரிந்து என்ன? வலது கை தொடங்கும், பாதியில் இடது கை பழக்கதோஷத்தில் புகுந்து குழப்பும். இழுத்தால் நூல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பத்துத் தடவை போட்டேன், ஏழு தடவை அவிழ்ந்தது. தாலி முடிச்சு மணமேடையிலேயே அவிழ்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபோது எனக்கு உள்ளங்கை வேர்த்தது. வேர்த்ததில் இன்னும் வழுக்கியது.

மூன்றாம் நாள் கல்யாண மாலைகளுக்குச் சொல்லி வைக்கப் பூந்தமல்லி போனோம். குமரேசன் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தான். பருத்திப்பட்டு ஏரிக்கரை தாண்டியதும் பஸ்ஸின் மூக்கிலிருந்து ஆவி வந்தது. கண்டக்டர் தகர டப்பாவோடு ஏரிக்கு இறங்கிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அது குடித்துவிட்டு அப்படியே நின்றது. ஆம்பிளைகள் எல்லோரும் இறங்கித் தள்ளச் சொன்னார்கள். பத்து நிமிஷமாகத் தள்ளியும் பஸ் அசையவில்லை. தோட்டத்து லாரியை எத்தனை தடவை தள்ளியிருக்கிறேன், எனக்குப் பொறுக்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

"யம்மா, நீ இன்னாத்துக்குமா எறங்குனே? ஏறு, ஏறு," என்றார் கண்டக்டர்.

"எல்லாரும் ஆளுக்கொரு நேரத்துல தள்றீங்க. சேர்ந்து தள்ளணும். நான் சொல்றப்போ தள்ளுங்க," என்றேன். நாற்பது ஆண்களுக்கு நடுவே நின்று குரல் கொடுத்தேன். பஸ் கிளம்பியது. உள்ளே இருந்த பெண்கள் என்னை வேற்று நாட்டு ராணி போலப் பார்த்தார்கள். எனக்குத் துளி கூச்சமில்லை. பஸ்ஸைத் தள்ள வராத பயம் ஒரு டம்ளரை வாங்க மட்டும் எங்கிருந்து வருகிறது என்று பூந்தமல்லி போய்ச் சேரும்வரை யோசித்தேன். விடை கிடைக்கவில்லை, பூந்தமல்லி வந்துவிட்டது.

பெண்ணின் அத்தை ராஜாமணி அங்கே பூக்கடை வைத்திருந்தார். பெண்ணுக்கு அம்மா இல்லை. அத்தை வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். அவரிடம் பெரியம்மாவே பயந்து பேசுவார் என்று குமரேசன் முன்கூட்டியே சொல்லியிருந்தான். நல்ல உயரம், நல்ல பருமன், குரல் அதைவிடப் பெரிது.

"வாமா, சீமையிலேர்ந்து வந்துகினு கீற, இப்டி ஒக்காரு. டேய் நைனா, மாப்ளே, நீ நின்னுகினே இரு, எடமில்ல," என்றார். ஒரு முழம் மல்லிகையை எடுத்து என்னிடம் நீட்டினார். என் வலது கையில் பலகாரப் பை. இடது கை தானாக எழுந்தது. எழுந்த கையைப் பாதியில் பின்னால் இழுத்தேன். பையை இடது கைக்கு மாற்றப் போக, பை விழுந்தது, லட்டு பூக்கடை முழுக்க உருண்டது.

"இன்னாமா ஆச்சு? கையில சுளுக்கா?"

ஒரு வார்த்தை இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "ஆமாங்க, கப்பல்ல பிசகிடுச்சு," என்று சொல்லிவிட்டேன்.

ராஜாமணி அத்தை கடையை அப்படியே பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்தார். நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வரச் சொன்னார். என் இடது கையைத் தன் மடியில் வைத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீவினார். ஒரு நோவும் இல்லாத கை அது. அவர் நீவிய நீவலில் நிஜமாகவே நோவு வந்துவிட்டது. அரை மணி நேரம் கழித்து, பழைய வேட்டியைக் கிழித்து, விரல் நுனி மட்டும் தெரியும்படி கட்டுப் போட்டார். நர்ஸாகச் சொல்கிறேன், நல்ல கட்டு.

"முகூர்த்தம் வரிக்கும் அவுக்காத. அந்தக் கைய ஆட்டவே கூடாது, இன்னா?"

குமரேசன் வாயைப் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்தான். திரும்பும் முன் ஒரு ஓட்டலில் இட்லியும் வடகறியும் வாங்கிக் கொடுத்தான். வடகறி எங்கள் ஊரில் கிடையாது. எங்கள் ஊரில் கிடைக்காத வேறு எதற்காகவும் நான் இவ்வளவு வருத்தப்பட்டதில்லை. வலது கையால் சாப்பிட்டதில் பாதி என் புடவைக்குப் போயிற்று. மேஜையில் இருந்தவர்கள் கட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு கரண்டி கேட்டு வாங்கிக் கொடுத்தார்கள்.

நாலாம் நாள் கல்யாணப் பத்திரிகையைச் சாமிக்கு வைக்கத் திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போனோம். பெரியம்மா, சரோஜா, நான் மூவரும் லோக்கல் ரயிலில். கரித்தூள் பறந்து வந்து எல்லோருக்கும் சமமாகப் பொட்டு வைத்தது. எதிரே இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் தெலுங்குக்காரர்கள், எனக்கு நன்றாகப் புரியும். அது அவர்களுக்குத் தெரியாது.

"பாவம், இவளுக்கு ஒரு கை விளங்காது போலிருக்கிறது," என்றாள் ஒருத்தி.

"தாலி இருக்கிறதே. எப்படித்தான் தள்ளிவிட்டார்களோ," என்றாள் மற்றவள்.

"மறைத்துத்தான் கட்டிக்கொடுத்திருப்பார்கள். பார், இப்போதும் எப்படி முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள்."

ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் கையை ஒளித்தேன். அந்தப் பெட்டியில் எல்லோரும் பார்த்தது அந்தக் கையைத்தான். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. கரித்தூள் விழுந்துவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பொய் சொல்வது எனக்குப் பழகிக்கொண்டு வந்தது.

கோயிலில் ஒரு வேடிக்கை. எல்லா ஊரிலும் நந்தி சாமியைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். இங்கே சாமிக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்து ராஜா ஒருவருக்கு உதவியாகச் சண்டைக்குக் கிளம்பத் தயாராக இருக்கிறதாம், குருக்கள் சொன்னார். பெரியம்மா அதைப் பக்தியோடு சுற்றி வந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஏன் பெரியம்மா, இது இப்படித் திரும்பி உட்கார்ந்திருக்கே, யாரும் ஒண்ணும் சொல்றதில்லையா?" என்றேன், மெதுவாக.

பெரியம்மா என்னைக் கூர்ந்து பார்த்தார். என்ன கேட்கிறேன் என்று புரியாதவர் இல்லை. "அது நந்தி," என்றார். "நீ நாத்தனார்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பொங்கல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கோயில் பொங்கல் எந்த ஊரிலும் ஏமாற்றுவதில்லை.

ஐந்தாம் நாள் காலையில் குமரேசன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். சைக்கிளைத் துடைத்தபடி, "சரோஜாக்காதான் முடிச்சுப் போடப் போறாங்களாமே. பெரியம்மா சொன்னாங்க," என்றான்.

"ஆமாம். யார் போட்டால் என்ன?"

"உனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்லியே?"

"எனக்கென்ன வருத்தம்."

துடைத்த துணியை உதறினான். "அப்ப எதுக்குக்கா இவ்ளோ தூரம் வந்தே?" என்றான். கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஏறிப் போய்விட்டான். அந்த ஆயிரம் காக்கிச் சட்டையிலும் அவன் முதுகு எனக்குத் தனியாகத் தெரிந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதற்கு வந்தேன்? அவன் கல்யாணத்தில் நான் இருந்தேன் என்பதற்கு அந்த இரண்டு முடிச்சைத் தவிர வேறு என்ன? அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, கட்டுப் போட்ட கையோடு பின்னால் நின்று பார்த்துவிட்டு, கப்பல் ஏறிப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது? ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை அம்மா, பத்திரமாக ஒளித்துவிட்டேன் என்றா?

பெரியம்மாவைக் கேட்பதில் பயனில்லை. ஊரைக் கேட்கவும் முடியாது. யார் கழுத்தில் முடிச்சு விழப்போகிறதோ அவளைக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அவள் வேண்டாம் என்றால் சரோஜாவே போடட்டும்.

ஆறாம் நாள் மத்தியானம் நலங்குத் தட்டுகளோடு நசரத்பேட்டையில் பெண் வீட்டுக்குப் போனோம். பெங்களூர் போகிற பெரிய ரோட்டை ஒட்டிய வீடு. வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் பந்தலைப் பார்த்துக் கல்யாணம் என்று தெரிந்ததும் இரண்டு தடவை கூடுதலாக ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். பெண்ணின் அப்பா முன்பு கழனி வேலை செய்தவர், இப்போது ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். பெண் கஸ்தூரி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சுவிட்சு கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

உள்ளறையில் கஸ்தூரிக்குப் பூ வைக்கிறேன் என்று சொல்லிப் போனேன். அங்கே ராஜாமணி அத்தை இருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. சாமந்திப் பூவை மடியில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். போனால் இனி வரமாட்டேன் என்று எனக்கே தெரியும். கஸ்தூரிக்கு எதிரே உட்கார்ந்து கட்டை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"அண்ணி, அண்ணி, அத்தை திட்டும்," என்றாள் கஸ்தூரி.

"சுளுக்கெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நான் பொய் சொன்னேன். எனக்கு இடது கைப் பழக்கம். சாப்பிடறது, ஊசி போடறது, கட்டுக் கட்டறது எல்லாம் இந்தக் கைதான். நாளைக்கு உன் கழுத்துல நான் முடிச்சுப் போட்டா இந்தக் கை முன்னால வரும். பார்க்கிறவங்க நாலு வார்த்தை சொல்வாங்க. உனக்குப் பிடிக்கலேன்னா இப்பவே சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன், சரோஜா போடுவா."

கஸ்தூரி என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப அத்தை எண்ணெய் போட்டு நீவுச்சே, அது?"

"சும்மா இருந்த கைக்கு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தலையில் வைத்த பூ கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள்: "எங்க கம்பெனில எந்தக் கையால மாட்னேன்னு கேக்க மாட்டாங்க அண்ணி. ஸ்க்ரூ டைட்டா கீதான்னுதான் பாப்பாங்க. நீங்களே போடுங்க. அவுந்துச்சின்னாதான் நான் சண்டைக்கு வருவேன்."

ராஜாமணி அத்தை எழுந்தார். கீழே கிடந்த வேட்டித் துணியை எடுத்துச் சுருட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே போய்விட்டார். கஸ்தூரி சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த வீட்டில் சட்டம் வெளியே போய்விட்டதே.

திரும்பும்போது பஸ்ஸில் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். நானே போடப் போகிறேன், என் கையாலேயே போடப் போகிறேன் என்று. "உன் இஷ்டம். நாளைக்கு எவனாவது வாயத் தொறந்தா நான் பதில் சொல்ல மாட்டேன்," என்றார்.

"நான் சொல்லிக்கறேன் பெரியம்மா."

சொல்லிவிட்டேனே தவிர, என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது.

ஏழாம் நாள் முகூர்த்தம் காலை ஆறரைக்கு. பந்தல் நிறைந்த கூட்டம். குவார்ட்டர்ஸிலிருந்து மதுரை, திருச்சி எல்லாம் முன்வரிசையில். ராஜாமணி அத்தை மேடைக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. நான் கஸ்தூரிக்குப் பின்னால் போய் நின்றேன். சரோஜா என் காதில், "பயமா இருந்தா என் கால மிதி, நான் வாங்கிக்கறேன்," என்றாள். நல்லவள். அவள் கால் இருந்த பக்கமே நான் பார்க்கவில்லை.

கெட்டிமேளம் என்று யாரோ கத்தினார்கள். குமரேசன் தாலியைக் கட்டி முதல் முடிச்சைப் போட்டான். நூலின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, புடி," என்றான்.

வாங்கினேன். ஏழு நாள் பழக்கத்தில் வலது கைதான் முதலில் முன்னே போயிற்று. மஞ்சள் ஈரத்தில் நூல் நழுவியது. ஒரு நொடிதான். வலது கையைப் பின்னால் விட்டு, இடது கையை மேலே கொண்டுவந்தேன். தம்பி வலப்பக்கமாகப் போட்ட முடிச்சின் மேல் என் கை எதிர்ப்பக்கமாக வந்தது. நூல் கவ்விக்கொண்டது. விரலுக்கு அது தெரியும். அடுத்த முடிச்சை நிதானமாகப் போட்டேன், ஆஸ்பத்திரியில் போடுகிற மாதிரி. அந்த நேரத்தில் எனக்குக் கூட்டமே இல்லை.

"இன்னாபா இது, பீச்சாங்கையால முடிச்சு போடுது!" என்று ஒரு பெரியவர் குரல் கேட்டது. மேளம் அப்போது பார்த்து ஓய்ந்திருந்தது. பந்தல் முழுக்க அந்தக் குரல் போயிற்று. பெரியம்மா குனிந்துகொண்டார்.

நிமிர்ந்தேன். "ஆமாங்க. எனக்கு இடது கைப் பழக்கம். முடிச்சு கெட்டியா இருக்கு," என்றேன். குரல் நடுவில் உடைந்தது, ஆனால் முழுசாக வெளியே வந்துவிட்டது.

கஸ்தூரி தலை குனிந்தபடியே, "ஆமா, நல்லா டைட்டா கீது," என்றாள். மணமேடையில் மணப்பெண் பேசக்கூடாது என்று யார் அவளிடம் சொல்வது? முன்வரிசை சிரித்தது. மேலே அட்சதை விழுந்தது. அந்தப் பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் காப்பி எங்கே கொடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு எழுந்து போனார். இதற்காகத்தானா நான் கப்பலில் அத்தனை வேளை வலது கையோடு மல்லுக்கட்டினேன் என்று எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

பெரியம்மா கிட்டே வந்து கஸ்தூரியின் மாலையை ஒதுக்கி முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். என் நெற்றியில் இருந்த அட்சதையைத் தட்டிவிட்டுப் போனார். அவரிடமிருந்து அன்றைக்கு அவ்வளவுதான்.

பந்தி போட்டார்கள். தலைவலி என்று சொல்லாமல் நானாகப் போய் உட்கார்ந்தேன். இடது கைப் பக்கம் கோடி இலை காலியாக இருந்தது. அதில் வந்து உட்கார்ந்தவர் ராஜாமணி அத்தை. வேறு இடம் இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் இலையையே பார்த்தேன். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. இடது கையை இலையில் வைத்தேன். நான் கவளத்தை எடுத்தேன், அவரும் எடுத்தார். என் முழங்கையும் அவர் முழங்கையும் இடித்து அவர் கவளம் பட்டுப்புடவையில் விழுந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த கவளம் எடுத்தேன். மறுபடியும் இடி.

"இன்னாமா இது? நீ துன்றியா, இல்ல என்னத் துன்ன வுட மாட்டியா?" என்றார். பந்தி முழுக்கத் திரும்பியது. "எந்திரி."

எழுந்தேன். காது சுட்டது.

அவரும் எழுந்தார். தன் இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றி வலப்பக்கம் வந்தார். "உன் எலைய அப்டியே கோடிக்கு இஸ்துக்கோ. அந்தப் பக்கம் செவுரு, உன்ன இடிக்க ஆளில்ல. நல்லா வீசித் துன்னு." எச்சில் இலையோடு பந்தியில் இடம் மாறியதை யாரோ முணுமுணுத்தார்கள். "என் எச்சில், நான் தூக்கறேன், ஒனக்கின்னா?" என்று அந்தப் பக்கம் ஒரு அதட்டல்.

உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினார். "ஒரு ஆழாக்கு எண்ணெ தேச்சேன் அந்தக் கைக்கு. சுளுக்குன்னு எங்கிட்டயே பொய் சொல்லிட்டியே, அதான் கோவம். கை எதுவா இருந்தா எனக்கின்னா? ரசம் வருது, எலையில பாத்தி கட்டு."

பாத்தி கட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ரசத்தில் மிளகு அதிகம் என்று இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். முழங்கை எங்கும் இடிக்கவில்லை. வடையை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

பாயச வாளியோடு பரிமாறுகிறவர் வந்து நின்றார். "எலையிலயா, டம்ளர்லயா?" என்றார். தப்ப முடியாமல் உட்கார்ந்த கல்யாணங்களில் எல்லாம் நான் டம்ளர்தான் கேட்டிருக்கிறேன். டம்ளரை வலது கையில் பிடித்து ஒரே மூச்சில் குடித்துவிடலாம். இலையில் விட்டால் கையை முழுசாக நனைத்து, வழித்து வழித்துத்தான் சாப்பிட வேண்டும், எதிர்ப்பந்தி முழுக்கப் பார்க்கும்.

"இலையிலேயே விடுங்க," என்றேன். "நிறைய."